வரவேற்பு முடிந்த பிறகு
(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, ஓசூர் தொழிற்பேட்டையில் இளம் பொறியாளர்களுக்கு உள்ள வாய்ப்புகள். அதைப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் முன் வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே அவர் அனுமதியோடு வேறொன்று பேசுகிறேன். பொறியாளன் என்ற முறையில் நான் போட்ட மிக மோசமான டிசைனைப் பற்றி.

எங்கள் ஊர் சூளகிரிக்குப் பக்கம். அத்தை வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. மாமா இல்லை. அத்தை மகனும் நானும் ஒரே வயசு, ஒரே ஸ்கூல். நான் இந்தக் கல்லூரிக்கு வந்தேன், அவன் பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் போனான். மேடை மரியாதைக்கு 'அவர்' என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை, 'அவன்' என்றே சொல்கிறேன். 2017இல் காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடி. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அதற்கு முந்தைய வருஷம் நடந்ததை இங்கே பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி, சியாச்சினில் 19,600 அடி உயரத்தில் சோனம் காவல் நிலையின் மேல் பனிச்சரிவு விழுந்தது. 19வது மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் புதைந்தார்கள். நான்கு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதில் சிப்பாய் ராமமூர்த்தி நம் கிருஷ்ணகிரி மாவட்டம் குடிசாதனப்பள்ளி. ஆறு நாள் பனிக்கடியில் உயிரோடு கிடந்து மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, தார்வாட்காரர். பிப்ரவரி 11இல் டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே துக்கம். அதே வருஷம் செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் அதே அத்திப்பள்ளியில் பஸ் நின்று, ஜனங்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஜூஜூவாடிக்கு நடந்தார்கள். அது வேறு கதை.

செத்தவனுக்கு மரியாதை செய்ய நம் சீமைக்குச் சொல்லித்தர வேண்டாம். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில், தருமபுரி அகழ்வைப்பகத்தில், ஏன், நம் ஏரிக்கரைகளிலும் கொல்லைமேட்டிலும் எத்தனை நடுகல் நிற்கிறது! மாடு மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்கச் செத்தவன் எல்லோருக்கும் கல் உண்டு. காலை இழந்துவிட்டு உயிரோடு திரும்பி வந்தவனை என்ன செய்வது? அதற்கு எங்களிடம் எந்த வழக்கமும் இல்லை. ஆகவே தெரிந்ததைச் செய்தோம்.

புனேயில் ராணுவத்தின் செயற்கைக் கால் மையம் 1944 முதல் இருக்கிறது. அங்கே கால் பொருத்திக்கொண்டு, 2018 ஆரம்பத்தில் உத்யான் எக்ஸ்பிரஸில் பெங்களூரு வந்து இறங்கினான். கூட்டிவர நானும் அப்பாவும் போனோம். அப்பா அவனுக்குத் தாய்மாமன் அல்லவா, புது வேட்டி சட்டையோடு வந்திருந்தார். ஊர் எல்லையில் தோரணம், பம்பை, ஆரத்தி, இருபது அடி ஃபிளெக்ஸ். ஃபிளெக்ஸ் என் ஏற்பாடு. காரை எல்லையிலேயே நிறுத்தி வீடு வரை அரை கிலோமீட்டர் நடக்க வைத்ததும் என் யோசனைதான். வீடியோவில் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு கோயில் முன்னால் பேச்சு. ஆறு பேர் பேசினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றான், சிரித்துக்கொண்டே.

ராத்திரி அம்மா வெந்நீர் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது. மீதிக் காலில் போட்டிருந்த உறை ரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா நனைத்து நனைத்து எடுத்தார்கள். அத்தை சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அப்பா சாப்பிடவில்லை.

மெக்கானிக்கல் தம்பிகளுக்குச் சொல்கிறேன். அந்த சாக்கெட்டில் உடம்பின் பாரம் வெட்டுப்பட்ட முனையில் இறங்கக் கூடாது. முழங்கால் சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநாரிலும் பக்கங்களிலும் இறங்க வேண்டும். மீதிக் கால் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு. அதற்குத் தகுந்தாற்போல் உறையைக் கூட்டிக் குறைத்துப் போட வேண்டும். நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும் என்று புனேயில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பேரிங்கில் லோடு தப்பான இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான்.

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

"எல்லாரும் கைதட்டுறீங்க. நடுவுல காலக் கழட்டி வச்சிட்டு உக்காரவா முடியும்?"

பன்னிரண்டு நாள் அவனால் காலை மாட்ட முடியவில்லை. வரவேற்பு கொடுத்த ஊரில் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. யாராவது பார்க்க வந்தால் அத்தை ஓடிப்போய் இடுப்புக்குக் கீழே போர்வையை இழுத்து விடுவார். அவன் வந்தவர் போகும் வரை அப்படியே இருப்பான்.

நான் செய்த தப்புக்குப் பரிகாரமாக உடனே ஒரு வேலையில் இறங்கினேன். அத்தை வீட்டு வாசல் மூன்று படி, பதினெட்டு அங்குல உயரம். பன்னிரண்டுக்கு ஒன்று என்பது சரிவுப் பாதைக்கான கணக்கு. அப்படியானால் பதினெட்டு அடி நீளம். வாசலில் அவ்வளவு இடம் இல்லை. ஆட்டோகேடில் வரைந்து, ஒன்பது ஒன்பது அடியாக நடுவில் திருப்பம் வைத்து, கான்கிரீட் போட்டு, வழுக்காமல் கோடு இழுத்து, தெருவே வந்து பார்க்கிற மாதிரி கட்டினேன். அவனும் "சூப்பர்டா" என்றான்.

ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன், ஐயா பின்பக்கப் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்!

"சரிவுல இறங்கும்போது இந்தப் பாதம் மடங்காதுடா. முட்டிய முன்னால தள்ளுது, விழுந்துடுவேனோன்னு இருக்குது. படின்னா ஒண்ணொண்ணா இறங்கிடுவேன். ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது இந்தக் கால் முதல்ல. ஒரு கைப்பிடி இருந்தா போதும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீ கேக்கலையே."

சக்கர நாற்காலிக்காரருக்கு வேண்டியதை, படி ஏறக்கூடியவனுக்குக் கட்டியிருக்கிறேன். அன்று திண்ணையில் உட்கார்ந்து முதல் தடவையாகக் கேட்டேன். அவனுக்கு உண்மையான கஷ்டம் பகலில் இல்லை, ராத்திரியில். தூங்கும்போது காலைக் கழற்றி வைத்துவிடுவான். கக்கூஸ் கொல்லைப்புறத்தில், முப்பது அடி தள்ளி. நடுவில் பாசி பிடித்த துவைக்கிற கல். மழை நாளில் ஊன்றுகோலோடு போய்விட்டு வரும் வரை அத்தை இருட்டில் முழித்துக்கொண்டு, கோல் சத்தம் எண்ணிக்கொண்டிருப்பார். சாயங்காலமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறான் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அப்பா மாட்டை விற்றார். "தாய்மாமன் சீர்னு வச்சுக்க மாப்ளே" என்று ஒரே வார்த்தை. படுக்கை அறையை ஒட்டியே உட்காரும் வகைக் கழிப்பறை கட்டினோம். இந்த முறை ஆட்டோகேட் இல்லை. சாக்பீஸை அவன் கையில் கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து, எழுந்து, கை எங்கே போகிறதோ அங்கே கோடு போட்டான். அந்தக் கோட்டில் ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப் பதித்தோம். வாசல் படிக்கும் அதே பைப். எந்தப் புத்தகத்து அளவுக்கும் அது பொருந்தாது. அவன் கைக்குப் பொருந்துகிறது.

அப்புறம் வேலை. போர்க்காய ஓய்வூதியம் உண்டு. ஆனால் முப்பது வயசுக்காரன் எத்தனை நாள் திண்ணையில் உட்காருவான்? மூன்று இடத்தில் கேட்டோம், மூன்று இடத்திலும் செக்யூரிட்டி வேலை. பட்டாளத்தான் என்றால் கேட்டில் சல்யூட் அடிக்கத்தான் என்று நமக்கு ஒரு நினைப்பு. முரளிகாந்த் பெட்கர் 1965 போரில் குண்டடி பட்டவர். 1972இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்ஸில் நீச்சலில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கினார். அவருக்கு வேலை கொடுத்தது புனே டெல்கோ, ஒரு லாரிக் கம்பெனி. லாரிக் கம்பெனிக்கு நம் ஓசூரில் பஞ்சமா?

கடைசியில் கைகொடுத்தவர் நம் கல்லூரி சீனியர் ஒருவர். சிப்காட்டில் சின்ன உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறார். இந்த அரங்கில்தான் இருக்கிறார். பேரைச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பு. 2019இல் இன்ஸ்பெக்‌ஷனில் போட்டார். முதல் மாசமே ஒரு லாட் முழுவதையும் ரிஜெக்ட் பண்ணிவிட்டான். "யாரைய்யா கொண்டுவந்து விட்ட!" என்று எனக்குப் போனில் அர்ச்சனை. அளந்து பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி.

அந்த வருஷம் அக்டோபரில் சீனாவில் வூஹானில் உலக ராணுவ விளையாட்டுப் போட்டி நடந்தது. அதே சாப்பர்ஸில், கும்பகோணம் பக்கத்து ஆனந்தன் குணசேகரன், 2008இல் கண்ணிவெடியில் கால் இழந்தவர், ஓட்டத்தில் மூன்று தங்கம் வாங்கினார். பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடினேன். படித்தான், சந்தோஷப்பட்டான். "எனக்கு எங்கடா ஓடணும்? டீக்கடை வரைக்கும் யாரும் திரும்பிப் பாக்காம நடந்தா போதும்" என்றான்.

இப்போது நடக்கிறான். டீக்கடையில் அரசியல் பேசி வம்பும் வளர்க்கிறான். போர்வை இழுப்பதை அத்தை எப்போது நிறுத்தினார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை.

நான் கட்டிய சரிவுப் பாதை இன்னும் இருக்கிறது. அப்பா அதில் டிவிஎஸ் எக்ஸெல்லை ஏற்றி நிறுத்துகிறார். மாசி, பங்குனியில் அத்தை அதில் புளி காயப்போடுகிறார்.