ஒரே பானைப் பானகம்

கோடையில் கூடும் நாளில் விருந்தினர்க்கு என்ன அருந்தத் தருவது என்பது சிறிய வினா அன்று. அமெரிக்கத் தென் மாநிலத்தார் இனிப்பிட்ட குளிர்தேநீர் தருவர். 1879இலேயே வர்ஜீனியாச் சமையல் நூலொன்றில் குளிர்தேநீர்ச் செய்முறை அச்சேறியது. சூட்டிலேயே இனிப்பைக் கரைத்துப் பின்னர்க் குளிர்விப்பதே தென் மாநில இனிப்புத் தேநீரின் நுட்பம்.

நம் பானகத்துக்கும் அதுவே பொருந்தும். 150 கிராம் வெல்லத்தைச் சிறிது வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டுக. கொதித்தாறிய நீரை ஒரு லிட்டர் அளவுக்குச் சேர்த்து, சுக்கும் ஏலமும் சிட்டிகையளவு இட்டு, ஓர் எலுமிச்சையைப் பிழிக.

நெல்லைச் சீமையில் மட்பானையே அதைக் குளிர்விக்கும். கசியும் நீர் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டு செல்லும். மும்பைக் கடற்காற்றிலோ ஈரம் மிகுதி. பானை அவ்வளவு குளிராது. ஆகவே பனிக்கட்டியை நாடுகிறோம். மகாராஷ்டிரத்தில் உண்ணத் தகாத பனிக்கட்டிக்கு நீலச் சாயம் இடவேண்டும் என்று 2018இல் ஆணை பிறந்தது. ஆயினும் நிறமற்றது யாவும் தூயதென்று நம்பலாகாது. கொதித்தாறிய நீரை வீட்டிலேயே முதல் நாளிரவு உறையவிட்டுக் கொணர்வோம். நீரிழிவுடையோர்க்கு நீர்மோரும் வைப்போம்.

இவ்வளவு கவலை ஏன்? ஊரில் எல்லாத் தண்ணீர்ப் பந்தலும் எல்லார்க்கும் ஒரே குவளை தந்ததில்லை என்பதை அறிவோம். இங்கோ தாராவிக் குழந்தையும் மாட்டுங்கா முதியவரும் செம்பூர் விருந்தினரும் ஒரே பானையில் அருந்துகின்றனர். அந்தப் பானையின் தூய்மை நம் அனைவரின் பொறுப்பு.