தட்டைப்பயற்றுச் சோறு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பாலக்காட்டு ரயில்வே காலனியிலிருந்து, இருப்புப்பாதையே இல்லாத இவ்விடுக்கி மாவட்டத்திற்குப் பேருந்தேறி வந்திருக்கிறோம். இலக்கியம் பேசப் புலவர்கள் இருக்கின்றனர். கணக்கெழுதும் நாம் எடுத்துக்கொண்டது அடுப்படிப் பொருள். அது தட்டைப்பயற்றுச் சோறு. காராமணி என்று வேறு சில ஊர்களில் வழங்குவதும் இப்பயறே.

பள்ளிக்கு இதனைக் கட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் சிலர் நாணுகின்றனர். "எஸ்டேட்டுச் சோறு" என்று பிறர் நகைப்பார்களாம். எஸ்டேட்டுச் சோறுதான், அதனால் என்ன? அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இதே பயறும் அரிசியும் பன்றியிறைச்சித் துண்டுடன் சேர்ந்து 'ஹாப்பிங் ஜான்' எனப் பெயர் பெற்றுள்ளன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்களின் உணவு அது. 1847-இல் கரோலினாவின் சாரா ரட்லெட்ஜ் அம்மையார் தம் சமையல் நூலில் அதனைச் சேர்த்தார். இன்றோ வெள்ளையர், கறுப்பர் என்ற வேறுபாடின்றிப் பலரும் புத்தாண்டு நாளில் நல்வாழ்வு வேண்டி அதனை உண்கின்றனர்.

நம் பக்கமும் இப்பயற்றுக்குக் குறைந்த மதிப்பில்லை. காரடையான் நோன்பின் அடையில் காராமணி உண்டு. மலையாள அன்பர்களின் ஓலனில் அவர்கள் இடும் வன்பயறும் இந்த இனமே.

விடியுமுன் கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் வண்டன்மேட்டு ஏலத்தோட்டங்களுக்கு வரும் தாய்மாருக்கு இச்சோற்றின் அருமை தெரியும். குழம்பு தனியே வேண்டாம், தூக்குச்சட்டியில் சிந்தாது, நண்பகல்வரை பசி தாங்கும். அரிசியில் குறைவான புரதச் சத்தைப் பயறு ஈடு செய்கிறது. இம்மலைப் பெரியாற்று நீர், 1895-இல் திறந்த முல்லைப் பெரியாறு அணையிலிருந்து குகைவழி இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கில் நெல்லாகிறது. அந்நெல் சோறாகி மீண்டும் மலையேறுகிறது. எம் கண்ணுக்கு இது அப் வண்டியும் டௌன் வண்டியும் போலத் தோன்றுகிறது!

இனிச் செய்முறை. அரிசி மூன்று ஆழாக்கானால் பயறு ஓர் ஆழாக்கு. பயற்றை மணம் வரச் சற்றே வறுத்து, கழுவி, இரவே ஊற வையுங்கள். மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட இம்மலையில் தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழ்நாட்டுப் பக்குவத்தை நம்பினால் பயறு நறுக்கென்று நிற்கும். பயற்றைத் தனியே முக்காற்பதம் வேக வையுங்கள். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். சுவை அதில்தான் உள்ளது. பிறகு பானையில் நல்லெண்ணெய் காயவிட்டு, கடுகு, சீரகம், வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு ஆகியவற்றைத் தாளித்து வதக்குக. தக்காளி இப்போதுதான் சேர வேண்டும். புளிப்பு முன்னரே சேர்ந்தால் பயறு வேக மறுக்கும். மஞ்சள், உப்பு, பயறு, அரிசி, பயறு வெந்த நீருடன் ஆக மொத்தம் ஒன்பது ஆழாக்குத் தண்ணீர். ஏலக்காய் மட்டும் வேண்டாம்! ஏலத்தின் நடுவே வாழ்ந்தாலும் அதற்கு இங்கே வேலையில்லை.

நீர் வற்றியதும் தணலில் கால்மணி நேரம் மூடி வைத்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்குக. அப்பளமும் மாங்காய் ஊறுகாயும் போதும். பள்ளிக்குக் கட்டுவதானால் தண்ணீரில் ஓர் ஆழாக்குக் குறையுங்கள். குழைந்த சோறு ஆறினால் கட்டியாகிவிடும்.