ஆழ்கடலுக்கு ஓர் இலக்கணம்



கற்பனை உலகங்களைச் சிருஷ்டிக்கும் கலை, முன்னாளில் கவிகளுக்கும் கதாசிரியர்களுக்கும் உரியதாக இருந்து, பின்னர் சினிமாவிடம் சென்று, இன்று வீடியோ கேம் அமைப்போரிடம் பெருமளவில் வந்து சேர்ந்திருக்கிறது. அவ்வுலகங்களின் மலைக்கும் மாளிகைக்கும் ஆயுதங்களுக்கும் கொடுக்கப்படும் சிரத்தையில் ஒரு பங்காவது அங்கே வாழும் ஜீவன்கள் பேசும் பாஷைக்குக் கொடுக்கப்படுகிறதா என்ற கேள்வி எனக்கு நெடுங்காலமாக உண்டு. சமுத்திரத்தினுள் வாழ்வனவாகப் படைக்கப்படும் பிராணிகளின் விஷயத்தில் அக்கேள்வி மேலும் கூர்மையடைகிறது. நிலத்தில் வாழும் ஒரு கற்பனை இனத்துக்குப் பாஷை வகுப்பவர் மனித வாயையும் மனித மூச்சையும் ஆதாரமாகக் கொண்டு காரியத்தை முடித்துவிடலாம். நீருக்குள் வாழும் இனத்துக்கு வகுப்பவருக்கு அந்த ஆதாரம் கிடையாது.

'வார்கிராஃப்ட்' என்ற பிரசித்தி பெற்ற விளையாட்டு வரிசையில், 2002ஆம் ஆண்டு வெளியான மூன்றாவது ஆட்டத்தில் மர்லாக் என்னும் இனம் தோன்றியது. மீனும் தவளையும் கலந்தாற் போன்ற உருவமுடைய அப்பிராணிகள், வாய் நிறைய நீரை வைத்துக்கொண்டு கொப்பளிப்பதை ஒத்த ஒரு கூச்சலுடன் கூட்டமாகப் பாய்ந்து வரும். 2004ல் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆடியவர்கள், உருவம் கண்ணில் படுமுன்பே அந்தக் கூச்சலைக் கேட்டு எச்சரிக்கையடைவார்கள். அப்பாஷைக்கு நெர்கிலிஷ் என்று ஒரு பெயரும் உண்டு. அந்தச் சப்தத்தை அமைத்தவரின் செவி நுட்பமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அது கரையில் நின்று காற்றை மூச்சாகக் கொண்ட ஒருவன் கேட்கும் நீரின் ஒலியே தவிர, நீரிலேயே பிறந்து வளர்ந்த ஒரு ஜீவனின் பேச்சு ஆகாது.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துக்களின் பிறப்பைக் கூறப் புகும்போது, உந்தியிலிருந்து எழும் காற்றை முதற்காரணமாக வைத்து, அது தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தொலியாகும் என்று வகுத்துச் செல்கிறார். புதிய பாஷை அமைக்க முற்படுவோர் அனைவரும் பின்பற்றத்தக்க வரிசை இது: உடல் முதலில், ஒலி அடுத்து, சொல் அதன் பின்னரே. செவுள்களால் சுவாசிக்கும் பிராணிக்கு உந்தியிலிருந்து எழும் காற்று என்பதே இல்லை. நம் உயிரெழுத்துக்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது, வாய்க்குள் இருக்கும் காற்று வாயின் வடிவத்துக்கேற்ப வெவ்வேறு விதமாக அதிர்வதால்தான். அங்கே நீர் நிறைந்துவிட்டாலோ, ஒலியைக் கடத்துவதில் நீருக்கும் சதைக்கும் பெரிய வேற்றுமை இல்லாமையால், வாயின் சுவர் ஒலிக்குச் சுவராகவே இராது. ஆகாரமும் இகரமும் உகரமும் அங்கே பிறக்க வழியில்லை.

ஆனால் ஒலிக்கு நீர் பகையன்று. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் சப்தம் கடல்நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்கிறது. இயற்கை இவ்வசதியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் விதங்கள் எந்தக் கற்பனாசிரியனையும் வெட்கப்படச் செய்வன. தேரைமீன் என்று அழைக்கப்படும் ஒரு மீன், தன் வயிற்றிலுள்ள காற்றுப்பையை அதிவேகத் தசைகளால் அதிரச் செய்து, அதையே முழவாகக் கொண்டு பெட்டையை அழைக்கிறது. ஸ்பெர்ம் திமிங்கிலங்களோ சொடுக்குகளாலேயே சம்பாஷிக்கின்றன. கரீபியக் கடலில் டொமினிகா தீவை அடுத்து வாழும் அத்திமிங்கிலங்களின் ஏறத்தாழ 9,000 சொடுக்குத் தொடர்களை ஆராய்ந்து 2024ல் வெளியான கட்டுரை ஒன்று, அவற்றில் நான்கு அம்சங்கள் கலந்து வருவதைக் காட்டியது: தாளம், காலப்பிரமாணம், இடைவெளியைச் சற்றே நீட்டிக் குறுக்குதல், அலங்காரமாக ஒரு சொடுக்கைக் கூட்டுதல். சங்கீதம் பயின்ற நேயர்களுக்கு இவ்வம்சங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா. அத்தொடர்களின் பொருள் இன்னும் மனிதருக்கு விளங்கவில்லை. ஆனால் அகரம் இல்லாமலே, அளவில் சுருங்கிய சில உறுப்புக்களைக் கலந்து நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்களை ஆக்க இயலும் என்ற உண்மை, பாஷை சிருஷ்டிப்பவருக்குக் கிடைத்த பெரும் பொக்கிஷம்.

நீருக்குள் ஒலிக்கு உள்ள இந்த ஆற்றலின் ஒரு கூற்றை 1992லேயே உணர்ந்த விளையாட்டு, செகா நிறுவனம் வெளியிட்ட 'எக்கோ த டால்ஃபின்'. அதில் நாம் ஒரு டால்ஃபின். பொத்தானை அழுத்தினால் அது பாடும். அவ்வொலி மற்றொரு டால்ஃபின்மீது பட்டால் அது பேசும். தொடர்ந்து அழுத்தினால் எதிரொலி திரும்பி வந்து சுற்றுப்புறத்தின் வரைபடம் திரையில் விரியும். அழைப்பதும் காண்பதும் ஒரே உறுப்பின் தொழில் என்ற இந்தக் கருத்தை நான் மிகவும் போற்றுகிறேன். மறுமொழி மட்டும் நமக்குத் தெரிந்த மனித வாக்கியமாக வந்துவிடுவதுதான் குறை. எதிரொலியால் உலகைக் காணும் ஓர் இனத்தில், பாறைக்குப் பெயர் பாறையின் எதிரொலியாகவும், சுறாவுக்குப் பெயர் சுறாவின் எதிரொலியாகவும் அமைந்திருக்கலாம் அல்லவா? இல்லாத சுறாவை இருப்பதாகச் சொல்லிக் காட்டும் பொய் அங்கே எவ்வளவு பயங்கரமானதாக இருக்கும்!

ஒலியை விட்டு ஒளிக்கு வந்தால் விஷயம் இன்னும் வளம் பெறுகிறது. கணவாயின் தோலில் நிறப்பைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன; ஒவ்வொன்றையும் சுற்றியுள்ள தசைகள் இழுக்கும்போது அது விரிந்து நிறம் தெரிகிறது, தளரும்போது சுருங்கி மறைகிறது. நரம்பின் நேரடி ஆணையால் நடப்பதாகையால் ஒரு நொடிக்குள் உடல் முழுவதும் வேறு கோலம் பூண்டுவிடும். கரீபியப் பவளப்பாறைகளில் வாழும் ஒருவகைக் கணவாய், தன் ஒரு பக்கத்தில் இணைக்கு ஒரு கோலத்தையும், மறுபக்கத்தில் போட்டியாளனுக்கு வேறொரு கோலத்தையும் ஒரே சமயத்தில் காட்ட வல்லது. பனாமாவின் சான் பிளாஸ் தீவுகளில் இவற்றைக் கவனித்த மொய்னிஹான், ரோடனிச் என்ற இருவர், 1982ல் தாங்கள் எழுதிய நூலில், இக்கோலங்கள் இலக்கணம் உடைய ஒரு பாஷை என்றே வாதித்தார்கள். விஞ்ஞானிகளில் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. கற்பனையில் ஈடுபடுவோருக்கு அவ்விருவரின் துணிவு போதும்.

அத்தகைய பாஷையில் வாக்கியம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம் பேச்சில் சொல்லுக்குப் பின் சொல் வரிசையாகத்தான் வர முடியும். தோலே ஏடாக அமைந்துவிட்டால் எழுவாயும் பயனிலையும் ஒரே கணத்தில் அருகருகே நிற்கலாம், செயலின் தீவிரத்தை அலையின் வேகம் உணர்த்தலாம், இடப்புறம் சொல்வதை வலப்புறம் மறுக்கலாம். சிவப்பு ஒளி பத்து மீட்டர் ஆழத்துக்குள்ளாகவே பெரிதும் நீரால் உறிஞ்சப்பட்டுவிடுவதால், மேற்பரப்பில் வாழ்வோரின் சிவப்புச் சொற்கள் ஆழத்தில் வாழ்வோருக்கு இருட்டாகவே தோன்றும். வட்டார வழக்குகள் அங்கே தேசத்தால் பிரியாமல் ஆழத்தால் பிரியும். இன்னும் வியப்பு, கணவாய்களில் பெரும்பாலானவை நாம் அறிந்த முறையில் நிறபேதம் காண இயலாதவை. ஆகவே பொருள் நிறத்தில் தங்காமல், ஒளியும் நிழலும் கோடும் புள்ளியும் அமையும் அமைப்பில் தங்கவேண்டும். இவ்வளவும் உடலிலிருந்தும் நீரிலிருந்தும் தாமாகவே பிறக்கும் விதிகள். ஆசிரியர் வலிந்து புகுத்த வேண்டியது சொற்பமே.

கணவாய் மனிதர்களைக் கொண்ட ஒரு விளையாட்டு ஏற்கனவே உண்டு. நின்டென்டோ நிறுவனத்தின் 'ஸ்ப்லட்டூன்', 2015ல் வெளியானது. அதன் நகரத்துப் பலகைகள் எல்லாம் யாராலும் படிக்க முடியாத எழுத்தில் உள்ளன. அதன் பாடகிகள் பொருளற்ற ஒலிகளாலேயே பாடுகிறார்கள். 2016ல் ஜப்பானில் அவர்களுடைய உருவங்களை மேடையில் ஒளியாக நிறுத்திக் கச்சேரியே நடந்தது. பொருளின்றியே ஒலியின் மாதுர்யத்தால் மனத்தைக் கவர்ந்த அச்சாதனையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவ்விளையாட்டில் உடலின் நிறமே நண்பன் யார், எதிரி யார் என்பதை அறிவிக்கிறது. பாஷையின் விதை அங்கேயே கிடந்தும் அது முளைக்கவிடப்படவில்லை என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

இங்கே ஆடுபவனையும் நினைக்கவேண்டும். நாவலில் வரும் கற்பனைப் பாஷையை வாசகன் பார்த்துக்கொண்டு போகலாம். விளையாட்டிலோ அவன் அதைக் கொண்டு ஏதேனும் செய்தாக வேண்டும். 2001ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டஸி' பத்தாம் பாகத்தில், அல் பெட் இனத்தாரின் பேச்சை அறிய 26 ஏடுகளைத் தேடிச் சேர்க்கவேண்டும். ஒவ்வோர் ஏடும் ஓர் எழுத்தை விடுவிக்கும். அது உண்மையில் எழுத்து மாற்றிய மறைகுறியே என்றாலும், புரியாத பேச்சு சிறிது சிறிதாகத் தெளியும் இன்பத்தை லட்சக்கணக்கானோருக்கு அளித்தது. 2019ல் வெளியான 'ஹெவன்ஸ் வால்ட்' ஒரு படி மேலே சென்று, பண்டைய சாசனங்களுக்கு ஆடுபவனையே பொருள் ஊகிக்கச் செய்து, பல இடங்களில் கண்டு ஒப்பிட்ட பின்னரே அந்த ஊகம் உறுதிப்படுமாறு அமைந்தது. ஆழ்கடல் பாஷைக்கு உகந்த முறை இதுவென்றே கருதுகிறேன்.

ஆதலால் இப்பணியை மேற்கொள்ளும் இளைஞர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. ஆயிரம் சொற்கள் கொண்ட அகராதியை முதலில் எழுதவேண்டாம். நாற்பது குறிகள் போதும். அந்த நாற்பதும் எந்த உறுப்பில் பிறக்கின்றன, எவ்வளவு தூரம் செல்கின்றன, எந்த ஆழத்தில் மங்குகின்றன, பகைவன் அவற்றைக் கேட்கக்கூடுமா என்பவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு, கையில் ஒரு விளக்கும் கைமுட்டியால் தட்ட ஒரு பாறையும் மட்டுமே உடைய ஆடுபவனை அந்த ஆழ்கடல் இனத்தாரின் நடுவே இறக்கிவிட்டு, தவறாகச் சொன்னால் அவர்கள் சிதறி ஓடுவார்கள், சரியாகச் சொன்னால் வழிவிடுவார்கள் என்று மட்டும் விதியுங்கள். திரையின் அடியில் மொழிபெயர்ப்பு ஓடவேண்டிய அவசியமே இராது.