வலித்தாலும் உண்மையே
(நன்கொடையாளர் கூடுகையில் அளித்த செய்தி)



உங்கள் ஜெபமும் காணிக்கையும் இந்த ஊழியத்தைத் தாங்கி வருகின்றன. இன்று உண்மை பேசுதலைக் குறித்துச் சில வார்த்தைகள்.

தொழுநோய்ப் பிரிவில் உறவினர்கள் எங்களைத் தனியே அழைத்துக் கெஞ்சுவதுண்டு. "டாக்டர், தொழுநோய் என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள். வெறும் தேமல் என்று சொல்லுங்கள். பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம்" என்பார்கள். அன்பினாலும் பயத்தினாலும் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தப் பொய்யை நாங்கள் சொல்வதில்லை.

தேமல்தான் என்று நம்பினவர், அது மங்கியவுடன் மாத்திரையை நிறுத்திவிடுவார். 1981-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையையோ, நோயின் தன்மைக்கேற்ப 6 அல்லது 12 மாதம் விடாமல் எடுக்கவேண்டும். ரிஃபாம்பிசினால் சிறுநீர் சிவக்கும். குளோஃபசிமினால் தோல் கருக்கும். உண்மை அறியாதவர் பயந்து பாதியில் விட்டுவிடுவார். பிறகு நரம்பு கெட்டு, கை கால் மரத்துப்போகும்.

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை என்று எடுத்துக்காட்டினார். வலி தெரியாததால் சூடும் வெட்டும் கவனிக்கப்படாமல் போய், விரல்கள் அழிகின்றன. வலி தேவன் வைத்த காவல். பொய் அந்தக் காவலை எடுத்துவிடுகிறது. புண்ணோ உள்ளே வளருகிறது.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீது ராஜாவின் பாவத்தை நேருக்கு நேர் சொன்னார். அது ராஜாவின் இருதயத்தைக் குத்தியது, மனந்திரும்பவும் செய்தது.

ஆகவே, நோயின் பெயரைச் சொல்லிவிட்டு நாங்கள் எழுந்து போவதில்லை. அருகில் உட்கார்ந்து, இது குணமாகும், மருந்து இலவசம், சிகிச்சை தொடங்கியபின் பிறருக்குப் பரவும் என்று அஞ்சவேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம். அவர் அழுது தீரும்வரை கூட இருக்கிறோம்.

உங்களிடமும் அப்படியே. வந்தவர்கள் எல்லாரும் பூரண சுகம் பெற்றார்கள் என்று எழுதினால் உங்கள் மனம் மகிழும். ஆனால் அது மெய்யல்ல. தாமதமாக வருகிறவர்களுக்குக் கிருமி அழிந்தாலும், இழந்த உணர்ச்சி பெரும்பாலும் திரும்புவதில்லை. எம்.சி.ஆர். செருப்பும் புண் பராமரிப்பும் அவர்களுக்கு ஆயுள் முழுவதும் தேவை. வெற்றிச் செய்தியாக எழுத முடியாத இவர்களையும் உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள்.

உண்மையை அன்போடு சொல்லும் நாவைக் கர்த்தர் நம் எல்லாருக்கும் அருளுவாராக. ஆமென்.