நிரல் எழுதுவோரும் கருவிச் செலவும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கம்பம் பள்ளத்தாக்கில் நம்மவர் வழிவழியாகக் கொண்ட தொழில்கள் உழவும் வாணிகமுமாம். இப்பொழுது மூன்றாவதொரு தொழிலும் நம் இல்லங்களிற் புகுந்துளது. நம் பிள்ளைகளுட் சிலர் சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களிற் பணிபுரிந்து, பின்னர் தேனிக்கும் கம்பத்துக்கும் மீண்டு, ஒருவர்க்கும் சம்பளக்காரராகாது, வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதி ஊதியம் பெறுகின்றனர். போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்பனையே கணினி வழியாக நடைபெறுங் காலத்தில் இது வியப்பன்று. ஆயின், இத்தொழிற்கு வேண்டுங் கருவிகள் எவை, அவற்றிற்குப் பொருள் தேடுவது எவ்வாறு என்பதைப் பெற்றோருட் பலர் அறியார். ஆகலின் நகையை அடகு வைத்துக் கொடுப்போரும் உளர். திருட்டுப் பிரதியே போதுமென்று இருப்போரும் உளர். இவ்விரு வழியும் கேடு பயப்பன என்பதே யான் இன்று கூற வந்தது.

முதலில் திருட்டுப் பிரதியைக் கூறுவேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, களவுப் பிரதியென அறிந்தே மென்பொருளைப் பயன்படுத்துவோர்க்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கின்றது. ஊதியங் கருதாது பயன்படுத்தியவர்க்குச் சிறையை நீக்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. தொழில் நடத்துவோர்க்கு அச்சலுகையில்லை. மேலும், பூட்டுடைத்த பிரதியோடு நச்சுநிரல் நுழையுமாயின், அழிவது நம் பொருள் மட்டுமன்று. பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளுமாம்.

அங்ஙனமாயின் பொருளற்றோர் யாது செய்வர்? நேர்மையாகவே விலையின்றிப் பெறத்தக்க கருவிகள் மிகப் பல உள. அமெரிக்கராகிய ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ என்னும் இயக்கத்தை அறிவித்தார். பின்லாந்தினராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸை வெளியிட்டார். இவை போல்வனவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்பர். குமுளி தாண்டினால், கேரளத்து அரசுப் பள்ளிகளில் சிறுவர் இத்தகைய மென்பொருளைக் கொண்டே கணினி பயில்கின்றனர்.

நிற்க. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. லினக்ஸை ஆக்குவோர் பலர் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் கருவியை அதன் உடைமையாளர் அளித்த சலுகையால் விலையின்றிப் பயன்படுத்தினர். 2005இல் அச்சலுகை நீங்கிற்று. அதன் பின்னரே டோர்வால்ட்ஸ் கிட் என்னுங் கருவியைத் தாமே படைத்தார். இன்று உலகெங்கும் நிரலாளர் கையாள்வது அதனையே. டாக்கர் டெஸ்க்டாப் என்பதும் முன்னர் எவர்க்கும் இலவசமாயிருந்து, 2021இல் பெருநிறுவனங்கட்கு மட்டும் கட்டணமுடையதாயிற்று. கொடுத்தவர் மீட்கத்தக்கதை நமது உடைமையென எண்ணலாகாது.

விலை கொடுத்தே பெறவேண்டிய கருவி வருங்கால் மூன்று வினாக்களை எழுப்புக. இஃதில்லாமல் ஒப்புக்கொண்ட பணி நடவாதா? சந்தா நின்றால் கையில் யாது எஞ்சும்? விலை எத்தனை நாட் கூலியில் மீளும்? இரண்டாவது வினாவின் பொருட்டு ஒரு சான்று. ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015இல் சந்தா முறைக்கு மாறியபொழுது பயனாளர் முறையிட்டனர். அதன்மேல், ஓராண்டுச் சந்தா செலுத்தியவர் அதனை நிறுத்திய பின்னும் ஒரு பழைய பதிப்பை வைத்துக்கொள்ளலாமென அந்நிறுவனம் இசைந்தது.

மூன்றாவதைக் கணக்கிட்டுக் காட்டுவேன். ஒருவர் நாட்கூலி 2,000 ரூபாய் என்க. ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறுங் கருவி வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்துமாயின், ஆண்டில் 52 மணி. நாளொன்றுக்கு 8 மணியாக ஆறரை நாள். அதன் மதிப்பு 13,000 ரூபாய். ஆதாயம் ஆயிரமே. அதுவும் ஆண்டு முழுதும் பணி கிடைத்தாலன்றிக் கிட்டாது. பணியில்லாத மாதத்தில் மிஞ்சிய நேரத்தை எவர் விலைக்குக் கொள்வர்? டாலரிற் குறித்த சந்தாவோ, ரூபாயின் மதிப்பு வீழுந்தோறும் ஏறும்.

கொத்தனார் கரணையைத் தாம் கொண்டு வருவார். செங்கல்லும் சிமிட்டியும் வீட்டுக்காரர் வாங்கித் தருவார். அதுபோல, பணி கொடுப்போர் தமக்கென ஒரு கருவியை வற்புறுத்துவாராயின், அதன் உரிமத்தை அவரே அளிக்குமாறு உடன்படிக்கையில் எழுதுக. எஞ்சும் பொருளை நல்ல கணினிக்கும், மின்தடையைத் தாங்கும் சாதனத்துக்கும், எழுதியதைப் படியெடுத்து வைக்கும் தனித் தட்டுக்கும் செலவிடுக.

வள்ளுவனார் வலியறிதல் என்னும் அதிகாரத்துள், பகைவர் வலியோடு வருவாயின் அளவையும் வைத்துக் கூறினார். தன் பொருளளவை அறிதலும் வலிமையே என்பது அவர் கருத்தாதல் தெளிவு.

பெரியோர்களே! நமது சங்கத்தின் கல்வி நிதி இதுகாறும் கல்லூரிக் கட்டணத்தோடு நின்றுவிட்டது. தொழில் தொடங்கும் இளைஞர்க்கும் இளநங்கையர்க்கும் கணினி வாங்க அதிலொரு சிறு பகுதியை வட்டியில்லாக் கடனாக அளிக்கலாகாதா? அவர் திருப்பிச் செலுத்துவது அடுத்தவர்க்கு உதவும்; தாய்மாரின் தாலிக்கொடி அடகுக் கடைக்குச் செல்லாது. இதனைத் தீர்மானமாக்கி நிறைவேற்றுமாறு இச்சபையோரை வேண்டி என் உரையை முடிக்கின்றேன்.