ஆபீஸ் முடிந்து அரிதாரம்

(நம் குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் மேடையில் விட்டுப்போன சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



“நாடக, சினிமாக் கலைஞர்களைப் பற்றிப் பேசுங்கள் சார், அரசியல் மட்டும் வேண்டாம்” என்று செயலாளர் சொல்லிவிட்டார். தமிழ்நாட்டில் இது கொஞ்சம் கஷ்டமான நிபந்தனைதான். அதனால் முதலமைச்சரான நடிகர்களை விட்டுவிட்டு, குமாஸ்தாவாக இருந்த நடிகர்களை எடுத்துக்கொண்டேன். வங்கிக் கவுன்ட்டரிலேயே காலம் கழித்தவனுக்கு அதுதானே பொருத்தம்?

முதலில் பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம். அந்தக் காலத்தில் நாடகம் என்றால் கம்பெனி. ஏழெட்டு வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து ‘பாய்ஸ் கம்பெனி’யில் சேர்த்துவிடுவார்கள். சாப்பாடு, துணி, பாட்டு, வசனம் எல்லாம் கம்பெனி பொறுப்பு. பல பிள்ளைகளை வீட்டில் அனுப்பி வைத்ததே அந்தச் சாப்பாட்டுக்காகத்தான். சிவாஜி கணேசனும் சிறு வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக நாடகத்துக்குப் போய், 1925இல் சொந்தக் கம்பெனியே தொடங்கினார்கள். அவர்களில் டி.கே. சண்முகம் ஔவையாராக வேடமிட்டு ‘அவ்வை சண்முகம்’ ஆனார். கம்பெனி நன்றாக நடந்தால் எல்லோருக்கும் சோறு உண்டு. ஒரு ஊரில் வசூல் படுத்துவிட்டால், அடுத்த ஊருக்கு ரயில் ஏறவே கடன் வாங்க வேண்டும். அந்த வாழ்க்கையில் பிராவிடண்ட் ஃபண்டு கிடையாது, பென்ஷன் கிடையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னையில் வேறொரு கூட்டம் மேடை ஏறியது. அமெச்சூர் குழுக்கள் என்று சொல்வோம். பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை, சனி ஞாயிறு நாடகம். ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் 1952இல் தொடங்கியது. விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் 1954. பிறகு வந்த குழுக்களைச் சொல்லி முடியாது.

இந்தக் கூட்டத்தின் தலைமகன் என்று நான் கே. பாலசந்தரைத்தான் சொல்வேன். 1930இல் நன்னிலம் பக்கத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். முத்துப்பேட்டையில் கொஞ்ச காலம் ஆசிரியர். 1950இல் சென்னை அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில், நாம் ஏ.ஜி.எஸ். ஆபீஸ் என்று சொல்வோமே, அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’ எல்லாம் அந்த வேலையில் இருந்துகொண்டே எழுதி மேடையேற்றிய நாடகங்கள். எம்.ஜி.ஆர். படமான ‘தெய்வத்தாய்’க்கு அவர் வசனம் எழுதியது 1964இல். முதல் படமாக ‘நீர்க்குமிழி’யை இயக்கியது 1965இல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேலைக்குச் சேர்ந்ததற்கும் முதல் படத்துக்கும் நடுவே 15 வருஷம். அவருக்கு 35 வயது. பிற்பாடு தாதாசாகேப் பால்கே விருது வாங்கிய மனிதருக்கு, அந்த 15 வருஷமும் மாதக் கடைசியில் அரிசி வாங்கிக் கொடுத்தது தணிக்கை அலுவலகம்தான்.

அவர் நாடகங்களில் வளர்ந்த நாகேஷ், தாராபுரத்துக்காரர், ரயில்வேயில் எழுத்தர். அம்மைத் தழும்பு முகம், ஒல்லி உடம்பு; கதாநாயகன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு நாடகத்தில் வயிற்று வலிக்காரனாகச் சின்ன வேடம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர்., அந்தச் சின்ன வேடத்தைத்தான் மேடையில் பாராட்டிப் பரிசு கொடுத்தார். 1959இல் ‘தாமரைக் குளம்’. அப்புறம் ‘சர்வர் சுந்தரம்’, ‘காதலிக்க நேரமில்லை’, ‘திருவிளையாடல்’ தருமி, ‘எதிர்நீச்சல்’. உங்களுக்கே தெரியும்.

நாகேஷ், கவிஞர் வாலி, நடிகர் ஸ்ரீகாந்த் மூவரும் அப்போது தி.நகரில் ஒரே இடத்தில் தங்கியிருந்தார்கள். அந்த இடத்தின் பெயர் கிளப் ஹவுஸ். நம் கிளப் ஹவுஸ் மாதிரி ஜிம்மும் நீச்சல் குளமும் இருந்திருக்காது! ஸ்ரீகாந்த் அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வாலிக்கு வாய்ப்பு வராத நாட்களில் அறை நண்பர்கள் கை கொடுத்தார்கள். மாதச் சம்பளம் வருகிற ஒருவன், வராத இன்னொருவனைத் தாங்கிக்கொள்வது அந்தத் தலைமுறையின் வழக்கம். எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் ஏறாத முதலீடு அது.

பூர்ணம் விஸ்வநாதனைச் சொல்ல வேண்டும். டெல்லியில் அகில இந்திய வானொலியில் இருந்தவர். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை பெற்ற செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அவருடையது. இளைஞர்களுக்கு ‘வருஷம் பதினாறு’ தாத்தா என்றால் தெரியும். அவர் மேடையேற்றிய நாடகங்களில் பலவற்றை எழுதிய சுஜாதாவும் பெங்களூரு பி.இ.எல்.லில் இன்ஜினீயர். சோ, டி.டி.கே. நிறுவனத்தில் சட்ட ஆலோசகர். ஆக, எழுதுகிறவர், நடிக்கிறவர், பார்க்கிறவர் மூன்று பேருமே காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். ஆவடியில் விமானப்படை நிலையம் இருப்பதால் அந்தச் சீருடை நமக்குப் பழக்கம். அந்தச் சீருடையில் பத்தாண்டு இருந்தவர் டெல்லி கணேஷ். நெல்லைப் பக்கம் வல்லநாட்டில் 1944இல் பிறந்து, விமானப்படையில் சேர்ந்து, டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்ததால் பெயரோடு டெல்லி ஒட்டிக்கொண்டது. சென்னைக்கு வந்து காத்தாடி ராமமூர்த்தியின் குழுவில் நடித்தார். 1977இல் பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ படத்துக்கு வந்தபோது வயது 33. அதற்குப் பிறகு ‘பசி’, ‘சிந்து பைரவி’, ‘நாயகன்’ என்று நூற்றுக்கணக்கான படங்கள். 2024 நவம்பரில் அவர் காலமானபோது விமானப்படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள். பழைய வேலை அவரைக் கடைசி வரை மறக்கவில்லை.

இன்னொருவர் கிரேஸி மோகன். கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். பாடியில் ஆலை வைத்திருந்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பணி. ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகம் எழுதியதால் அந்தப் பட்டப் பெயர் வந்தது. 1979இல் சொந்தக் குழு. அவருடைய ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகம், பாலசந்தர் இயக்கத்தில் 1983இல் ‘பொய்க்கால் குதிரை’ படமானது. அதில் நடித்தவர் யார்? கிளப் ஹவுஸ் வாலி! பிறகு கமல்ஹாசனுக்காக மோகன் வசனம் எழுதிய ஒரு படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர். சிறுவனாக இருந்தபோது கமல் நடித்த நாடகக் குழு டி.கே. சண்முகத்துடையது. கம்பெனிக் காலமும் ஆபீஸ் காலமும் அந்த ஒரே பெயரில் கைகுலுக்கிக்கொண்டன.

இது எப்படிக் கட்டுப்படியானது என்று கேட்பீர்கள். சபாவுக்கு உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். சபா ஒரு நாடகத்துக்கு இவ்வளவு என்று குழுவுக்குக் கொடுக்கும். அதில் செட், லைட், மைக், மேக்கப், வேன், டிபன் எல்லாம் போனால் மிஞ்சுவது நடிகர்களுக்குக் கைச்செலவுக்குக் காணும். ஆக, குழுவின் உண்மையான புரவலர் யார் என்றால், ஒன்றாம் தேதி சம்பளம் போட்ட அரசாங்கமும் வங்கியும் கம்பெனியும்தான். சரியாக ஐந்தரைக்கு ஆபீஸை விட்டுக் கிளம்ப முடிந்ததும் அந்த உதவியில் சேர்த்தி.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பக்கத்தை நாம் படிப்பதில்லை. பெண்கள். ஆண்கள் ஆபீஸிலிருந்து வந்தார்கள். பெண் வேடத்துக்குப் பல குழுக்கள் நாடகத்துக்கு இவ்வளவு என்று பேசி நடிகைகளை அழைத்து வந்தன. ஒரே மேடை, ஒரே கைதட்டல். நாடகம் ரத்தானால் அவருக்கு ஒரு நாள் மாலை போச்சு, இவருக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. ஓய்வு பெற்றால் அவருக்குப் பென்ஷன் உண்டு, இவருக்கு இல்லை. மன்னார்குடியில் பிறந்த மனோரமா, தாயோடு பள்ளத்தூருக்கு வந்து, பிழைப்புக்காகச் சிறு வயதிலேயே மேடை ஏறியவர். ஆயிரம் படங்களைத் தாண்டி கின்னஸ் புத்தகம் வரை போனார். அவரைப் போல் ஜெயித்தவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவரோடு அதே வேனில் பயணம் செய்து பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். இன்றும் நலிந்த கலைஞர்களுக்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் மூலமாக மாதாந்திர நிதியுதவி உண்டு. உங்களுக்குத் தெரிந்த வயதான நாடகக் கலைஞர் யாராவது இருந்தால் தயவுசெய்து அவரிடம் சொல்லுங்கள். மனு எழுத, வங்கிக் கணக்கு தொடங்க நான் உதவி செய்கிறேன். அந்த வேலை எனக்குத் தெரியும்.

சரி, இந்த சபா நாடகம் ஏன் இளைத்துப்போனது? சென்னைத் தொலைக்காட்சி 1975இல் வந்தது. பிறகு சீரியல்கள் வந்தன. வாணி மகாலில் பார்த்த முகங்களை வீட்டு ஹாலிலேயே பார்க்க முடிந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். ஐந்தரை மணி காணாமல் போய்விட்டது. நம் பிள்ளைகளுக்கு ஷிப்ட். அமெரிக்காக்காரன் எழுந்திருக்கும்போது இவர்களுக்கு மீட்டிங். சபாக்கள் மயிலாப்பூரிலும் தி.நகரிலும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்கள் நாடகம் முடிந்து வீடு திரும்ப இரவு பதினொன்று ஆகும். பூந்தமல்லி சாலையில் செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இருக்கிறது, சினிமா நம் வாசல் வரை வந்துவிட்டது, நாடகம் வரவில்லை.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. நம் வளாகத்திலேயே சில வீடுகளில் இந்தக் கேள்வி சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது: பையனோ பெண்ணோ “வேலையை விட்டுவிட்டு நடிக்கப் போகிறேன்” என்கிறார்கள். அப்பா ‘கூடாது’ என்கிறார். அம்மா நடுவில் மாட்டிக்கொள்கிறார். ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோவதும் உண்டு.

பெற்றோருக்கு நான் சொல்வது: மேலே சொன்ன யாரையும் வேலை கெடுக்கவில்லை, கலையும் கெடுக்கவில்லை. அம்ரீஷ் புரி பம்பாயில் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேல் எழுத்தராக இருந்துகொண்டே நாடகம் நடித்தார். சினிமாவில் பேர் வாங்கும்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். விஜய் சேதுபதி நம்மைப் போல் பி.காம். துபாயில் கணக்கர், திரும்பி வந்து ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறையிலும் கணக்கர். அங்கே கணக்கு எழுதிக்கொண்டே நடிப்பைப் பார்த்தார். ரஜினிகாந்த் பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்தபோதே நாடகங்களில் நடித்தவர் என்பதும் தெரிந்ததுதான். ஆகவே ‘கூடாது’ என்று ஒரே வார்த்தையில் கதவைச் சாத்தாதீர்கள்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது: ராஜினாமாக் கடிதத்தை முதலில் எழுதாதீர்கள். முதலில் ஒரு வேடம் கட்டுங்கள். ஒத்திகைக்கு ஆறு மாதம் விடாமல் போக முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால், அந்த ஆறு மாதமே உங்கள் வீட்டில் உங்களுக்காகப் பேசும். இன்னொன்று, ஜெயித்தவர்களின் கதையைத்தான் நான் சொன்னேன். ஜெயிக்காதவர்களும் உண்டு; அவர்களில் வேலையை வைத்துக்கொண்டவர்கள் நல்ல நடிகர்களாகவே ஓய்வு பெற்றார்கள். எங்கள் காலத்தில் வங்கி மனமகிழ் மன்ற ஆண்டு விழாக்களில் நடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் வெளியே தெரியாது. ஆனால் அந்த ஒரு மாலைக்காக அவர்கள் வருஷம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்கள்.

கடைசியாகச் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நம் ஹாலில் மேடை இருக்கிறது, மைக் இருக்கிறது, எழுபது நாற்காலி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, மாலை ஆறரைக்கு, அரை மணி நேர நாடகம். நடிப்பவர்கள் நம் வளாகத்தவர்கள். பராமரிப்புக் கட்டணத்திலிருந்து ஒரு ரூபாய் வேண்டாம். டீ செலவுக்கு உண்டியல் வைப்போம், வரவு செலவை நான் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். பெண்களும் பிள்ளைகளும் வர வேண்டும், வேலையிலிருந்து தாமதமாக வருகிறவர்களுக்கு வசனம் குறைந்த வேடம் தரலாம். வயிற்று வலிக்காரன் வேடம் இருந்தால் போதும், அதிலிருந்துகூட ஒரு நாகேஷ் வரலாம்.

விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் இருக்கும் நோட்டுப் புத்தகத்தில் பெயர், பிளாட் எண் எழுதுங்கள். முதல் பெயர் எழுத யாரும் தயங்கக் கூடாது என்பதற்காக, முதல் வரியில் என் பெயரையே எழுதி வைத்திருக்கிறேன்.