பிறவாத என்ஜினுக்கு விலை

பலமுறை செய்து பழகிய பொருளுக்கு அடக்கவிலை போடுவது கணக்கரின் அன்றாட வேலை. ஆனால், வரைபடமாக மட்டுமே இருக்கும் ஒரு ஜெட் என்ஜினை இன்ன விலைக்குத் தருவோம் என்று ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது, ஒரு ஸ்தாபனத்தின் ஜீவனையே பணயம் வைக்கும் காரியம்.

பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனி 1968 மார்ச்சில் அக்காரியத்தில் இறங்கியது. அமெரிக்காவின் லாக்ஹீட் கம்பெனி திட்டமிட்டிருந்த டிரைஸ்டார் விமானத்துக்கு ஆர்பி 211 என்ற என்ஜினை அளிக்க, கடும் போட்டிக்கு நடுவே, குறைந்த விலைக்கு அது உடன்பட்டது. முகப்பு விசிறியின் அலகுகளைக் கார்பன் இழையால் செய்தால் எடை வெகுவாகக் குறையும் என்பது பொறியாளர்களின் நம்பிக்கை. பறவை மோதினாலும் தாங்குமா என்று அறிய, 1970-இல், சுழலும் விசிறியின்மேல் ஒரு கோழியின் உடலை அதிவேகத்தில் எய்து பார்த்தபோது, அலகுகள் சிதறிப்போயின. டைட்டானியத்துக்கு மாறினார்கள், அந்த உலோகப் பாளத்திலோ ஒரு பக்கம் மட்டுமே அலகு செய்யத் தக்க தரமுடையது என்று தெரியவந்தது. இத்தகைய சேதாரம் எந்த முன்மதிப்பீட்டில் இடம்பெற்றிருக்கும்?

எண்ணிக்கை பெருகப் பெருகக் கைத்திறன் கூடி, உற்பத்திச் செலவு ஓர் ஒழுங்கோடு இறங்கும் என்பதை டி. பி. ரைட் என்பவர் 1936-லேயே விமானத் தொழிலில் கண்டு எழுதியது உண்மைதான். எனினும் அந்த இறக்கம், செய்முறை நிலைபெற்ற பிறகே தொடங்குவது. பொருளே மாறிக்கொண்டிருக்கையில் அதை நம்பி விலை கூறுவது, என் அபிப்பிராயத்தில், பெரும் பிழை. மதிப்பீட்டாளர் தம் தொகையில் எவ்வளவு அநுபவத்தால் வந்தது, எவ்வளவு நம்பிக்கையால் வந்தது என்பதைப் பிரித்தெழுதி நிர்வாகத்தின் முன் வைத்தாக வேண்டும்.

1970 செப்டம்பரில் ஆர்பி 211-இன் அபிவிருத்திச் செலவு 17 கோடி பவுனைத் தாண்டிற்று. ஓர் என்ஜினின் விற்பனை விலையோ 2,30,375 பவுன், உற்பத்திச் செலவு அதற்கும் மேல். விற்கும் ஒவ்வொன்றுக்கும் நஷ்டம் என்ற நிலையில், 1971 பிப்ரவரி 4-ஆம் தேதி கம்பெனி திவாலாயிற்று. அரசாங்கம் அதை ஏற்றது. உயர்ந்த விலைக்குப் புதிய ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1972 ஏப்ரலில் டிரைஸ்டார் பயணிகளுடன் பறக்கத் தொடங்கிற்று. ரோல்ஸ் ராய்ஸின் இன்றைய டிரென்ட் என்ஜின்கள் ஆர்பி 211-இன் வழிவந்தவையே.